லேப் ரிப்போர்ட்டு வந்துட்டா கேஸ் முடிஞ்சிருச்சா? நம்மூர் ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டையில ஒரு கிரிமினல் வக்கீல் ஆபீஸ்ல கேஸ் கட்டு படிச்சு குறிப்பெடுக்கிறது என் வேலை. உள்ள போனவங்களோட அம்மா, அண்ணன், பொண்டாட்டின்னு வாற எல்லாரும் கேக்குறது ஏறக்குறைய ஒரே கேள்விகதான், அதுலயும் "லேப்ல இருந்து ரிப்போர்ட்டு வந்துட்டுல்லா, இனி என்ன இருக்கு"ன்னு கேக்கவங்கதான் ஜாஸ்தி. அதான் மொத்தமா எழுதிப் போடுதேன். பொதுவான வெவரம்தான் இது, உங்க கேஸுக்கு உங்க வக்கீல் சொல்லுறதுதான் கணக்கு.

தடயவியல்னா சயின்ஸ்தானே, அது எப்பிடி தப்பாகும்?

சயின்ஸ்ங்கிற ஒரே பேருக்குள்ள வேற வேற தரத்துல சரக்கு கெடக்கு அண்ணாச்சி. டிஎன்ஏ யுனிவர்சிட்டி ஆராய்ச்சியில வளந்து அப்புறமா கோர்ட்டுக்கு வந்தது, அதனால இந்த அமைப்பு எத்தனை பேருக்கு இருக்கும்னு கேட்டா அதுக்கு ஒரு கணக்கு சொல்லுவாங்க. பல் தடம், முடி, கையெழுத்து, எரிஞ்ச வீட்டுல இருக்குற கரித்திட்டு இதெல்லாம் அப்பிடி இல்ல, போலீஸுக்கு ஒத்தாசையா நின்னவங்க வருஷக்கணக்கா பாத்துப் பாத்து "இது இப்பிடி இருந்தா அது அப்பிடித்தான்"னு சொல்லிச் சொல்லியே நெலைச்சுப் போனது, எத்தனை தடவை சரியாச் சொன்னோம் எத்தனை தடவை தப்பாச் சொன்னோம்னு ரொம்பக் காலம் யாரும் ஒழுங்கா உக்காந்து எண்ணல. 2009-ல அமெரிக்காவோட நேஷனல் அகாடமி ஆஃப் சயின்சஸ் இதப் பத்தி பெரிய ரிப்போர்ட் போட்டாங்க, டிஎன்ஏவத் தவிர வேற எந்த முறையும் ஒரு தடயம் இந்த ஆளோடதுதான்னு நிச்சயமாச் சொல்லும்னு ஒழுங்கா நிரூபிக்கப்படலன்னு அதுல பட்டவர்த்தனமா எழுதிட்டாங்க.

அதுக்காக எல்லாமே குப்பைன்னு நான் சொல்லல. ரிப்போர்ட்டுல "ஒத்துப்போகுது"ன்னு இருந்தா எதோட ஒத்துப்போகுது, வேற எத்தனை பேரோட ஒத்துப்போகும், அந்தப் பொட்டலம் யார் யார் கை மாறி லேபுக்குப் போச்சு, இந்த மூணையும் கேக்காம தலைய ஆட்டிராதீங்கன்னுதான் சொல்லுதேன்.

இதனால நெசமாவே நிரபராதிக்குத் தண்டனை கெடச்சிருக்கா, இல்ல வக்கீல்மாரு சும்மா அளக்குதியளா?

கெடச்சிருக்கு, உசிரே போயிருக்கு. டெக்சாஸ்ல கோர்சிகானான்னு ஒரு சின்ன ஊரு. 1991 டிசம்பர் 23, கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் முன்ன, ஒரு வீடு தீப்பிடிச்சு மூணு பொம்பளப் புள்ளைங்க செத்துப்போச்சு, அப்பா கேமரன் டாட் வில்லிங்கம் மட்டும் வெளிய ஓடி வந்துட்டாரு. விசாரிக்க வந்தவங்க ஜன்னல் கண்ணாடியப் பாத்தாங்க, பொடிப்பொடியா விரிசல் விட்டிருந்துச்சு. தரையப் பாத்தாங்க, எண்ணெய் ஓடுன தடம் மாதிரி திட்டுத்திட்டாக் கரி. எதையோ ஊத்தித்தான் கொளுத்தியிருக்கான், இல்லன்னா தீ இவ்வளவு சூடா எரியாது, கண்ணாடி இப்பிடி வெடிக்காதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஜெயில்ல இருந்த ஒருத்தன் "எங்கிட்ட ஒத்துக்கிட்டான்"னு வந்து சாட்சி வேற சொன்னான். 1992-ல மரண தண்டனை. ஆனா பரிசோதனையா தீ வச்சுப் பாத்தவங்க கண்டது வேற: கொதிக்கிற கண்ணாடி மேல தீயணைப்பு வண்டித் தண்ணி பட்டாலே அதே விரிசல் விழும், ரூமு முழுசும் ஒரே மூச்சுல பத்திக்கிற அளவுக்குச் சூடேறிட்டா ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தாமலே தரையில அதே திட்டு விழும். ஜெரால்ட் ஹர்ஸ்ட்ங்கிற விஞ்ஞானி இத தண்டனைக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தாரு, கவர்னர் ஆபீஸ் வரைக்கும் போச்சு. 2004 பிப்ரவரி 17-ம் தேதி ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க.

இன்னொண்ணு முடி. சம்பவ இடத்துல கெடந்த முடிய மைக்ரோஸ்கோப்புல வச்சு குற்றவாளி முடியோட ஒப்பிடுறது அமெரிக்காவோட எஃப்பிஐ போலீஸ் வருஷக்கணக்கா பண்ணுன வேலை. 2015-ல அவங்களே பழைய கேஸ்களத் தோண்டுனதுல, குற்றவாளிக்கு எதிரா அவங்க ஆளு சாட்சி சொன்ன 268 விசாரணையில 95 சதவீதத்துக்கு மேல சயின்ஸ் தாங்காத அளவுக்கு மிகைப்படுத்திச் சொல்லியிருக்காங்கன்னு வெளிய வந்துச்சு. பல் தடத்துக்கு ரே க்ரோன் கேஸ் இருக்கு: அரிசோனாவுல 1992-ல தண்டனை, செத்த பொண்ணு ஒடம்புல இருந்த கடி இவரு கோணப் பல்லோட பொருந்துதுன்னு எக்ஸ்பர்ட் அடிச்சுச் சொன்னாரு. 2002-ல டிஎன்ஏ எடுத்துப் பாத்தா வேற கேஸுல ஏற்கனவே உள்ள இருந்த இன்னொருத்தன் மேல போயி நின்னுச்சு.

இங்கிலாந்துல பர்மிங்காம் குண்டுவெடிப்புக்கு ஆறு பேரப் புடிச்சு, கையத் தொடச்சு டெஸ்ட் பண்ணி, அதுல சில பேரு கையில வெடிமருந்து இருக்குன்னாங்க. ட்ரெயின்ல வரும்போது அவங்க சீட்டு ஆடிட்டு வந்தாங்க, அந்தச் சீட்டு மேல பூசியிருக்குற பூச்சுக்கே அந்த டெஸ்ட் அப்பிடி காட்டும்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. 1975-ல உள்ள போனவங்க 1991-ல வெளிய வந்தாங்க. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு வேலைக்குப் போயிட்டு வாறவங்க கையில அப்பிடி ஒரு டெஸ்ட் பண்ணுனா என்ன வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நம்ம நாட்டுல இப்பிடி பழைய கட்டெல்லாம் பிரிச்சு எண்ணிப் பாத்ததே கெடையாது. எண்ணலங்கிறதால இல்லன்னு ஆயிராது.

எங்க பையன் எடுத்துக் குடுத்த அரிவாள்ல ரத்தம் இருக்கு, செத்தவரு க்ரூப்பும் அதுவும் ஒண்ணுன்னு ரிப்போர்ட்டு வந்திருக்கு. இனி என்ன பண்ண?

நம்ம பக்கத்துக் கொலைக் கேஸ் கட்டப் பிரிச்சா முக்காவாசி இதுதான் மொதல்ல கண்ணுல படும், அதனால இதக் கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன். கதை எப்பவும் ஒரே மாதிரி போகும்: ஆள அரெஸ்ட் பண்ணுவாங்க, வி.ஏ.ஓவும் தலையாரியும் சாட்சியா நிப்பாங்க, வாக்குமூலம் குடுப்பான், "கூட்டிட்டுப் போனா எடுத்துத் தாறேன்"னு சொன்னதா எழுதுவாங்க, கால்வாய்க்கரையில ஒடமுள்ளுக்குள்ள இருந்து அரிவாள் வரும், மகஜர் (எடுத்த பொருளுக்கான பதிவு) எழுதி, பேப்பர்ல பொதிஞ்சு, நூல் சுத்தி, அரக்கு சீல் வச்சு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும், அங்க இருந்து லெட்டரோட லேபுக்கு. திரும்பி வரும்போது "மனித ரத்தம், ஓ பிரிவு"ன்னு ஒரே வரி.

அந்த ஒத்த வரிய வச்சு என்ன சொல்ல முடியும்? நம்ம ஜனத்துல பத்துல மூணு நாலு பேரு ஓ க்ரூப்பு, மேலப்பாளையம் சந்தைக்கு வந்தவங்களப் புடிச்சு டெஸ்ட் பண்ணுனா நூத்துக்கணக்குல தேறுவாங்க. உங்க பையனுக்கு என்ன க்ரூப்புன்னு யாராவது பாத்தாங்களா? அவனுக்கும் ஓ-வா இருந்து, அன்னைக்கு அவன் கையிலயும் வெட்டு இருந்தா அந்த ரத்தம் யாரோடது? பல கட்டுல இத யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்க. க்ரூப்பு ஒத்துப்போனது மட்டும் பத்தாது, அந்த ஆயுதம் இவனோடதுதான், அதாலதான் வெட்டு விழுந்துச்சுன்னு வேற சாட்சியம் இணைக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே 2011-ல முஸ்தகீம் கேஸுலயும் 2024-ல ராஜா நாய்க்கர் கேஸுலயும் சொல்லியிருக்கு.

அப்புறம், ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படிங்க. "ரத்தம் இருக்கு"ங்கிறது ஒண்ணு, "மனித ரத்தம்"ங்கிறது வேற, "இன்ன க்ரூப்பு"ங்கிறது அதுக்கும் மேல. கோயில் கொடையில கிடா வெட்டுன அரிவாள்லயும் ரத்தம் இருக்கத்தான் செய்யும். மொதக் கட்டமா ரத்தமான்னு பாக்குற கலர் டெஸ்ட்டு சில காய்கறிச் சாறுக்கும் சில உலோகத்துக்கும்கூட கலர் மாறும். ஆஸ்திரேலியாவுல லிண்டி சேம்பர்லைன்னு ஒரு அம்மா, 1980-ல கைக்கொழந்தைய காட்டு நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லுறா, கார்ல பச்சக் கொழந்தை ரத்தம் தெறிச்சிருக்குன்னு லேப் சொல்லுது, 1982-ல ஆயுள் தண்டனை. கடைசியில பாத்தா கார்ல தெறிச்சிருந்ததுல முக்கியமான கறை, சத்தம் கேக்காம இருக்க கம்பெனியிலயே அடிச்ச ஒரு ஸ்ப்ரே. கொழந்தையோட சட்டை கெடச்ச பொறவு 1986-ல விட்டாங்க, காட்டு நாய்தான்னு கோர்ட்டு எழுதிக் குடுக்க 2012 ஆச்சு.

பொட்டலம் கட்டுறதுலயும் விஷயம் இருக்கு. ரத்தம் ஊறுன ஈரத் துணிய நெழல்ல காய வச்சு பேப்பர் கவர்ல போடணும். பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டுனா நம்மூர் வெக்கைக்கு நாலே நாள்ல அழுகிப்போயிரும், அதுக்கப்புறம் லேப்ல எவ்வளவு நல்ல மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

மோப்ப நாய் நேரா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுருச்சு, ஊரே எங்களத்தான் சொல்லுது.

ஊரு சொல்லும், கோர்ட்டு அப்பிடிச் சொல்லாது. நாயக் குறுக்கு விசாரணை பண்ண முடியாது, அது எதுக்காக நின்னுச்சுன்னு யாரும் சத்தியம் பண்ணவும் முடியாது. 1969-லயே அப்துல் ரசாக் கேஸுல சுப்ரீம் கோர்ட்டு இதுக்குப் பெரிய எடை குடுக்கல. போலீஸுக்கு வழி காட்ட நாய் உதவும், அதோட சரி. சிக்கல் என்னன்னா, நாய் நின்ன வீட்டுக்காரன்தான்னு மனசுல பதிஞ்ச பொறவு மத்த தடயத்த எல்லாம் அதே கண்ணோட தேடுதாங்க, அதுதான் ஆபத்து.

கைரேகை? அதுவாவது நிச்சயம்தானே?

ரேகைய வகை பிரிச்சு வைக்கிற ஹென்றி முறை உருவானதே நம்ம நாட்டுலதான், 1897-ல கல்கத்தாவுல தொடங்குன ப்யூரோ, அதுல அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ்னு ரெண்டு போலீஸ் அதிகாரிங்க செஞ்ச வேலை, பேரு மட்டும் எட்வர்ட் ஹென்றி துரைக்குப் போச்சு. முழு ரேகையும் தெளிவா இருந்தா ரொம்ப நல்ல சாட்சியம்தான். சம்பவ இடத்துல கெடைக்கிறது பாதி, அதுவும் மங்கிப்போனது, வம்பு அங்கதான்.

2004-ல மாட்ரிட் ட்ரெயின் குண்டுவெடிப்புல ஒரு பையில கெடச்ச ரேகைய எஃப்பிஐ கம்ப்யூட்டர்ல போட்டாங்க, அது 20 பேர ஒத்துப்போகலாம்னு எடுத்துக் குடுத்துச்சு, அதுல நாலாவதா இருந்தவரு பிராண்டன் மேஃபீல்டுன்னு அமெரிக்காவுல ஒரேகான் மாகாணத்து வக்கீல். மூத்த எக்ஸ்பர்ட்டுங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பாத்து இவருதான்னு கையெழுத்துப் போட்டாங்க. இவரு முஸ்லிமா மாறுனவரு, தீவிரவாதக் கேஸுல மாட்டுன ஒருத்தருக்கு சிவில் கேஸ் நடத்துனவரு, இதெல்லாம் தெரிஞ்ச பொறவு சந்தேகப்பட யாருக்கும் தோணல. ஸ்பெயின் போலீஸ் "இது அவரு இல்ல"ன்னு சொல்லியும் கேக்கல. கடைசியில அவங்க அல்ஜீரியாக்காரன் ஒருத்தனோட ரேகைன்னு கண்டுபிடிச்ச பொறவுதான் விட்டாங்க, ரெண்டு வாரம் உள்ள இருந்தாரு, அரசாங்கம் மன்னிப்பு கேட்டு 20 லட்சம் டாலர் குடுத்துச்சு.

இதுக்கப்புறம் இட்டியெல் ட்ரோர்ங்கிற ஆராய்ச்சியாளர் ஒரு வேலை பண்ணுனாரு. அஞ்சு ரேகை எக்ஸ்பர்ட்டுங்ககிட்ட, அவங்களே முன்னால "ஒண்ணுதான்"னு சொன்ன ஜோடிய எடுத்து, இதுதான் அந்த மேஃபீல்டு கேஸ் ரேகைன்னு சொல்லிக் குடுத்தாரு. நாலு பேரு பழைய முடிவ மாத்திட்டாங்க. ரேகை அதேதான், கூடச் சொன்ன கதைதான் வேற. அதனாலதான் லேபுக்கு அனுப்புற லெட்டர்ல போலீஸ் என்ன எழுதி அனுப்புச்சுன்னு நாங்க தேடிப் பாக்குறது.

டிஎன்ஏ வந்துட்டா? அதுக்கு மேல அப்பீல் இல்லன்னு சொல்லுதாங்களே?

லேப் மெஷின் சரியாத்தான் சொல்லும், அதுக்குள்ள போன சாம்பிள் எங்க இருந்து வந்துச்சுங்கிறதுதான் கேள்வி. தூரமாப் போக வேண்டாம், நம்ம தேனி மாவட்டத்து சுருளி அருவி கேஸே இருக்கு. 2011 மே மாசம் அங்க போன இளஞ்ஜோடியக் கொன்னுட்டாங்க, அந்தப் பொண்ண பலாத்காரமும் பண்ணியிருந்தாங்க. புடிபட்ட ஆளுக்கு கீழ்க்கோர்ட்டு தூக்கு, ஹைகோர்ட்டு மதுரைக் கிளை அத உறுதி பண்ணுச்சு. 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு விடுதலை பண்ணிருச்சு. டிஎன்ஏ சாம்பிள் எடுத்ததுல இருந்து லேபுக்குப் போன வரைக்கும் யாருகிட்ட எப்ப இருந்துச்சுன்னு ஒழுங்கான பதிவு இல்ல, லேட்டுக்கும் காரணம் இல்ல. அந்தத் தீர்ப்புலயே நாடு முழுக்க ஒரு விதிமுறையும் போட்டுட்டாங்க: சாம்பிள் எடுக்கும்போது எஃப்ஐஆர் நம்பர், டாக்டர், விசாரணை அதிகாரி வெவரம் எல்லாம் கவர்ல இருக்கணும், 48 மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போகணும், விசாரணை கோர்ட்டு அனுமதி இல்லாம பொட்டலத்தத் திறக்கக் கூடாது, யாருகிட்ட இருந்து யாருகிட்ட போச்சுன்னு தனி ரிஜிஸ்டர் வைக்கணும். உங்க கேஸுல டிஎன்ஏ இருந்தா வக்கீல்கிட்ட மொதல்ல அந்த ரிஜிஸ்டர் நகலக் கேக்கச் சொல்லுங்க.

இதுக்கு முன்ன, 2022 நவம்பர்ல, டெல்லி சாவ்லாவுல ஒரு பொண்ணக் கடத்திக் கொன்ன கேஸுலயும் தூக்குத் தண்டனை பெற்ற மூணு பேர விட்டாங்க. சாம்பிள் பத்து நாளைக்கு மேல போலீஸ் மால்கானாவுலயே (கேஸ் பொருள் வைக்கிற ரூமு) கெடந்துச்சு, டிஎன்ஏ ரிப்போர்ட்டோட முடிவுக்கு என்ன அடிப்படைன்னு கீழ ரெண்டு கோர்ட்டும் பாக்கலன்னு தீர்ப்புல இருக்கு. அந்தப் பொண்ணு வீட்டுக்கு எவ்வளவு பெரிய இடி அது. ஒழுங்கா கவர் போட்டு ஒழுங்கா அனுப்பியிருந்தா யாரு செஞ்சாங்கன்னு சந்தேகமில்லாமத் தெரிஞ்சிருக்கும். செத்தவங்க வீட்டாருதான் இதுல மொதல்ல கோபப்படணும்னு நான் நினைக்கிறேன்.

"கோடியில ஒருத்தருக்குத்தான் இப்பிடி நடக்கும்"னு டாக்டர் கோர்ட்டுல சொல்லிட்டாரு.

எந்தக் கணக்குன்னு கேளுங்க. இங்கிலாந்துல சாலி கிளார்க்னு ஒரு அம்மாவோட ரெண்டு கைக்கொழந்தைங்க அடுத்தடுத்து திடீர்னு செத்துப்போச்சு, அவங்களே கொன்னுட்டாங்கன்னு கேஸு. ஒரு கொழந்தை காரணம் தெரியாம தானாச் சாக 8,543-ல ஒண்ணுதான் வாய்ப்பு, அதனால ரெண்டும் சாக 7 கோடியே 30 லட்சத்துல ஒண்ணுன்னு ராய் மெடோங்கிற பெரிய டாக்டர் பெருக்கிச் சொன்னாரு. ஒரே வீடு, ஒரே பரம்பரை, ஒண்ணுக்கு இருக்குற கோளாறு இன்னொண்ணுக்கும் இருக்கலாம்ல, அதப் பெருக்கவே கூடாது. 1999-ல உள்ள போனாங்க, 2003-ல விட்டாங்க, 2007-ல அந்த அம்மா செத்துப்போனாங்க.

நார்கோ டெஸ்ட்டுக்கு ஒத்துக்கவா? பையன் நிரபராதின்னு தெரிஞ்சிரும்லா?

அவன் சம்மதம் இல்லாம நார்கோ (மருந்து குடுத்துப் பேச வைக்கிறது), பொய் கண்டுபிடிக்கிற மெஷின், ப்ரெய்ன் மேப்பிங் எதுவும் பண்ணக் கூடாதுன்னு 2010-ல செல்வி கேஸுல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. சம்மதிச்சுப் பண்ணுனாலும் அந்த ரிசல்ட்டு சாட்சியமாகாது, அதுமூலமா கண்டுபிடிச்ச பொருள் மட்டும் வரலாம். வக்கீலக் கேக்காம தலையாட்டிராதீங்க.

ரிப்போர்ட்டு எழுதுனவர கூண்டுல ஏத்திக் கேக்க முடியுமா?

முடியும், ஆனா நாமதான் கேக்கணும். பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்துல 293, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 329: கவர்மெண்ட் லேப் எக்ஸ்பர்ட்டுங்க ரிப்போர்ட்ட அவங்க வராமலே சாட்சியமாப் படிச்சுக்கலாம். எதிர்த்தரப்பு மனு போட்டா கோர்ட்டு கூப்பிடலாம். பல கேஸுல யாரும் மனுவே போடுறதில்ல, பி.பி. (அரசு வக்கீல்) தாளக் கொடுப்பாரு, நம்பர் போடுவாங்க, முடிஞ்சுது. எக்ஸ்பர்ட் சொல்லுறது சட்டப்படி ஒரு அபிப்பிராயம்தான், அதுக்கு அவரு காரணம் சொல்லணும்.

வந்தா என்ன கேக்கணும்னா: பொட்டலம் என்னைக்கு வந்துச்சு, சீல் உடையாம இருந்துச்சா, லேப் நோட்டு எங்க, எதோட ஒப்பிட்டீங்க, அதே தரத்துல வேற சாம்பிளும் வச்சுப் பாத்தீங்களா, இன்னொருத்தர் தனியாச் சரி பாத்தாரா. லேப் ஆளுங்கள வில்லனாக்கவும் வேண்டாம். மெட்ராஸ்ல கெமிக்கல் எக்ஸாமினர் லேப் 1849-லயே ஆரம்பிச்சது, நெல்லையிலயும் மண்டல லேப் இருக்கு, நல்லாத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. கேள்வி கேட்டா ஒழுங்கா "இதுக்கு மேல இத வச்சுச் சொல்ல முடியாது"ன்னு சொல்லுறவங்களும் உண்டு, கேக்கத்தான் ஆளு இல்ல.

புதுச் சட்டத்துல எல்லாம் சரியாயிருமாமே?

2024 ஜூலை 1-ல இருந்து பிஎன்எஸ்எஸ் 176-ல, ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் ஆளு சம்பவ இடத்துக்கு வந்து தடயம் எடுக்கணும், அத வீடியோவும் எடுக்கணும்னு இருக்கு. மாநிலங்களுக்கு இத அமல்படுத்த அஞ்சு வருஷம் டைமும் குடுத்திருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா களக்காட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்த கொலைக்கு ஆளு வந்து சேருற வரைக்கும் அந்த எடத்த யாரும் மிதிக்காமப் பாத்துக்கணும்லா, அது சட்டத்தால மட்டும் ஆகாது.

தண்டனை ஆயிருச்சு. அப்புறம் அந்த டெஸ்ட்டே தப்புன்னு தெரிஞ்சா?

டெக்சாஸ்ல 2013-ல இதுக்குன்னே தனிச் சட்டம் கொண்டு வந்தாங்க, சயின்ஸ் மாறிட்டா பழைய தண்டனையத் திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம். நம்ம நாட்டுல அப்பிடித் தனி வழி இல்ல. அப்பீல் மதுரைக் கிளையில நிலுவையில இருந்தா கூடுதல் சாட்சியம் எடுக்கச் சொல்லி மனு போடலாம், பழைய 391, இப்ப 432. சுப்ரீம் கோர்ட்டும் முடிஞ்சுட்டா சீராய்வு மனு, அப்புறம் கவர்னர், ஜனாதிபதிகிட்ட கருணை மனு. அதனால கையில அப்பீல் இருக்கும்போதே பேசிருங்க.

நஷ்டஈடு கெடைக்குமா?

உரிமைன்னு சொல்லிக் கேக்க நம்மகிட்ட சட்டம் இல்ல. 2018-ல லா கமிஷன் தன்னோட 277-வது ரிப்போர்ட்ல ஒரு சட்டம் வேணும்னு எழுதிக் குடுத்துச்சு. சுருளி கேஸ் தீர்ப்புலயும் இதப் பத்திப் பேசியிருக்காங்க. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-ல சுப்ரீம் கோர்ட்டு 50 லட்சம் குடுக்கச் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நம்ம மகேந்திரகிரியில ஓட்டிப் பாக்குற விகாஸ் எஞ்சினுக்குப் பின்னால இருந்த மனுஷன். அவரு தண்டனையே வாங்கல, பொய்க் கேஸுல மாட்டுனதுக்கே 24 வருஷம் கோர்ட்டு கோர்ட்டா ஏற வேண்டி வந்துச்சு. சாதாரண ஆளுக்கு எவ்வளவு நாளாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

வக்கீல் வைக்க எங்ககிட்ட துட்டு இல்ல, யாரப் பாக்க?

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுன்னு கோர்ட்டு வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும். பொம்பளைங்க, எஸ்சி எஸ்டி, ஜெயில்ல இருக்குறவங்க இவங்களுக்கெல்லாம் வருமானம் பாக்காமலே வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்கு. உள்ள இருக்குறவன் ஜெயில் மூலமாவும் எழுதிக் கேக்கலாம், போன்ல கேக்க 15100. சார்ஜ் ஷீட்டு நகலும் அதோட வந்த லேப் ரிப்போர்ட்டும் உங்களுக்கு இலவசமாத் தரணும், தரலன்னா கேட்டு வாங்குங்க. போகும்போது எஃப்ஐஆர் நம்பர், ஸ்டேஷன் பேரு, அடுத்த வாய்தா தேதி மூணையும் ஒரு தாள்ல எழுதிக் கொண்டு போங்க, அது இல்லாமப் போனா "நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பிருவாங்க.